கிராம்பு தந்த உறக்கம்

நம் சங்க அறையில் எந்தப் பேச்சும் தேநீர் ஆறுவதற்குள் இரண்டு கட்சியாகப் பிரிந்துவிடும் என்பது நண்பர்கள் அறிந்ததே. சென்ற மாதம் ஒரு மாலை, முதலாண்டு மாணவர் ஒருவர் வலக் கன்னத்தைக் கையால் தாங்கிக்கொண்டு வந்து மூலையில் உட்கார்ந்தார். பல்வலி. அவ்வளவுதான்! "கிராம்பை நசுக்கி வையுங்கள், நொடியில் பறந்துவிடும்" என்றது ஒரு கட்சி. "பாட்டி வைத்தியத்தைப் பாட்டியோடு விட்டுவிடுங்கள், இந்தக் காலத்தில் கிராம்பாவது, வேப்பங்குச்சியாவது!" என்றது மறு கட்சி. ஒருவர் கைப்பேசியை எடுத்து, கொய்யா இலையால் சொத்தைப் பல் ஏழே நாளில் மூடிக்கொள்கிறது என்று யாரோ ஒருவர் அடித்துச் சொல்லும் காட்சியைப் போட்டுக் காண்பித்தார். வாதம் சித்தர்களைத் தொட்டு, மருந்துக் கம்பெனிகளைத் தொட்டு, கடைசியில் தமிழன் பெருமையில் போய் நின்றது. கன்னத்தைப் பிடித்துக்கொண்டிருந்தவரை எல்லோரும் மறந்தே போனோம்.

அன்று நான் வாய் திறக்கவில்லை. திறந்திருந்தால் இடப்பக்கக் கீழ்வரிசையில் ஒரு பல் இல்லாத இடம் தெரிந்திருக்கும்! அந்த இடம் காலியான கதையை இதுவரை சங்கத்தில் யாரிடமும் சொன்னதில்லை. மலருக்குக் கட்டுரை கேட்ட ஆசிரியர், "எதைப் பற்றியாவது எழுதும்" என்றார். சரி, என் பல்லைப் பற்றியே எழுதுகிறேன்.

நான் இரண்டாம் ஆண்டில் இருந்தபோது, தில்லிக் குளிர் தொடங்கும் நவம்பரில், குழாய்த் தண்ணீர் பட்டால் அந்தக் கடைவாய்ப்பல் கூசிற்று. தண்ணீரை விழுங்கியதும் கூச்சம் நின்றுவிடும். நம் ஊரில் ஆற்றுத் தண்ணீரில் பழகிய வாய்க்கு இந்த ஊர்த் தண்ணீர் ஒத்துவரவில்லை என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். டிசம்பரில், தேர்வுக்கு ஒரு வாரம் இருக்கையில், கூச்சம் வலியாயிற்று. பகலில் எப்படியோ ஓடிவிடும். இரவில் தலையணையில் தலை வைத்ததுதான் தாமதம், விண்விண்ணென்று தெறிக்கத் தொடங்கிவிடும். எழுந்து உட்கார்ந்தால் சற்றே குறையும்; படுத்தால் மறுபடியும் அதே கதை. சுவரில் சாய்ந்து உட்கார்ந்தபடி இரண்டு இரவுகள் கழித்தேன்.

என் அறைத்தோழன் பீகாரைச் சேர்ந்தவன். மூன்றாம் நாள் அவன் கமலா நகர்க் கடையிலிருந்து ஒரு சிறு புட்டி வாங்கி வந்தான். 'லௌங் கா தேல்'. வேறொன்றுமில்லை, நம் கிராம்புத் தைலந்தான். அவன் பாட்டியும் அதையே சொல்லியிருக்கிறாள்! பஞ்சில் ஒரு சொட்டு நனைத்துப் பல்லின் குழியில் வைத்தேன். முதலில் சுரீரென்றது, பிறகு காரம், பிறகு அந்தப் பக்கமே மரத்துப்போயிற்று. அன்றிரவு நான் உறங்கிய உறக்கத்தை என்னென்பது! நான்கு இரவுகள் அப்படியே சென்றன. ஐந்தாம் நாள் தைலம் தேவைப்படவில்லை. வலி போய்விட்டது. சுடு தேநீர் குடித்துப் பார்த்தேன், ஒன்றுமில்லை. பச்சைத் தண்ணீர் குடித்துப் பார்த்தேன், ஒன்றுமில்லை. தேர்வை நன்றாகவே எழுதினேன். வீட்டுக்குத் தொலைபேசியில் பேசும்போது, "பல் டாக்டர் கேட்கும் ஆயிரக்கணக்கான ரூபாயை ஒரு சின்னப் புட்டி மிச்சப்படுத்திவிட்டது" என்று பெருமையடித்துக்கொண்டேன். அடுத்த இரண்டு மாதங்கள் பல்வலி என்று வந்தவர்க்கெல்லாம் கிராம்புத் தைலத்தின் புகழ் பாடிய பிரசாரகனும் நானே. இந்த மலரை வாசிக்கும் நண்பர்கள் சிலர் என் பேச்சைக் கேட்டிருப்பார்கள். அவர்களிடம் இங்கே மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன்.

ஹோலி முடிந்த மறுநாள் தாடையின் கீழ் ஒரு வீக்கம். முகத்தில் பூசிய வண்ணத்தின் வேலை என்று நினைத்தேன். மறுநாள் காலையில் காய்ச்சல். மாலையில் வாயைத் திறந்தால் ஒரு விரல் நுழையும் அளவுக்குத்தான் திறந்தது. எச்சிலை விழுங்கத் தொண்டை நொந்தது. அறைத்தோழன் ஆட்டோ பிடித்து மருத்துவமனைக்கு இழுத்துச் சென்றான். சீழை வடித்து, ஊசி மருந்து ஏற்றி, வீக்கம் வற்றிய பின் பல்லையும் எடுத்தார்கள். அங்கிருந்த பல் மருத்துவர் என்னிடம் கேட்ட முதல் கேள்வி, "டிசம்பரில் வலி நின்றதும் என்ன செய்தீர்கள்?" என்பது. "மகிழ்ந்தேன்" என்றேன். அவர் சிரிக்கவில்லை. "அன்றுதான் உங்கள் பல் செத்தது" என்றார்.

அவர் விளக்கியதைப் பின்னர் நானும் படித்துத் தெரிந்துகொண்டேன். பல்லின் மேற்பூச்சாகிய எனாமலுக்கு உணர்ச்சி கிடையாது. சர்க்கரையைத் தின்று வாழும் கிருமிகள் உண்டாக்கும் அமிலம் அந்தப் பூச்சைக் கரைத்து உள்ளே இறங்குகிறது. உள்ளடுக்கைத் தொட்டால் கூச்சம்; என் நவம்பர் மாதம் அதுதான். அப்போது போயிருந்தால் சொத்தையைச் சுரண்டி அடைத்து அனுப்பியிருப்பார்கள். ஒரு மணி நேரத்து வேலை. அதற்கும் உள்ளே நரம்பும் இரத்தக் குழாயும் அடங்கிய கூழ் இருக்கிறது. கிருமி அதைத் தொட்டதும் கூழ் வீங்குகிறது. வீங்குவதற்கு அங்கே இடமேது? நாற்புறமும் பல்லே மதிற்சுவராக நிற்கிறது. ஆகவே அழுத்தம் ஏறுகிறது. படுத்தால் தலைக்கு இரத்தம் மிகுதியாகப் பாய்ந்து இன்னும் ஏறுகிறது. என் டிசம்பர் இரவுகள் அவை. இப்படி நெருக்குண்ட கூழ் சில நாட்களில் இறந்துபோகிறது. செத்த நரம்பு வலிக்குமா? வலி நின்றுவிடுகிறது. கிருமி மட்டும் நிற்பதில்லை. வேரின் நுனி வழியே எலும்புக்குள் இறங்கி, ஓசையில்லாமல் தன் வேலையைப் பார்க்கிறது. கீழ்க் கடைவாய்ப்பல்லின் சீழ் நாக்கின் அடியிலும் கழுத்திலும் பரவினால் மூச்சுக்குழலே நெரிபடலாம். இந்த நிலையை 1836-இல் லுட்விக் என்ற ஜெர்மானிய மருத்துவர் எழுதிவைத்தார். இன்றும் அவர் பெயராலேயே வழங்குகிறது. பல்லைத்தானே என்று விட்டதால் உயிரைக் கொடுத்தவர்கள் உண்டு என்பதை நான் படுக்கையில் கிடந்தபோதுதான் அறிந்தேன்.

ஆக, என் வலியைப் போக்கியது கிராம்பன்று. கிராம்பு எனக்கு நான்கு இரவு உறக்கம் தந்தது. ஐந்தாம் நாள் வலியை நிறுத்தியது நோயே. நானோ கிராம்புக்கு மாலை போட்டேன்!

இதை வைத்து, "பார்த்தீர்களா, பாட்டி வைத்தியம் ஆபத்து" என்று மறு கட்சியினர் துள்ளிக் குதிக்க வேண்டாம். கிராம்பின் மேல் எனக்கு மனக்குறை எதுவுமில்லை. கிராம்புத் தைலத்தில் பெரும்பகுதி யூஜெனால் என்னும் பொருள். அது நரம்பை மரக்கச் செய்கிறது, கிருமியையும் ஓரளவு அடக்குகிறது. பல் மருத்துவமனைக்குள் நுழைந்ததும் மூக்கில் ஏறும் ஒரு மணம் உண்டல்லவா? நம்மிற் பலருக்கு அதுவே பாதி அச்சத்தைத் தருவது. அந்த மணம் என்ன தெரியுமா? அதே யூஜெனால்தான். துத்தநாக ஆக்சைடுப் பொடியோடு யூஜெனாலைக் குழைத்துத் தற்காலிகமாகப் பல்லை அடைப்பது பத்தொன்பதாம் நூற்றாண்டிலிருந்து பல் மருத்துவர்கள் கைக்கொள்ளும் முறை. ஆச்சியின் அஞ்சறைப் பெட்டியிலும் மருத்துவரின் அலமாரியிலும் மணப்பது ஒரே சரக்குத்தான். மருத்துவர் முதலில் சொத்தையைச் சுரண்டி எடுத்துவிட்டு அதன்மேல் கிராம்பை வைக்கிறார். நான் சொத்தையின் மேலேயே வைத்தேன். வேற்றுமை அவ்வளவே. கன்னியாகுமரி மலைத்தோட்டங்களில் விளையும் கிராம்பு 2021-இல் புவிசார் குறியீடு பெற்றது என்பதையும், நம் தென்கோடிச் சரக்காயிற்றே என்பதற்காக, இங்கே குறித்து வைக்கிறேன்.

ஆயினும் கிராம்புத் தைலமும் தண்ணீர் போலக் கையாளத்தக்கதன்று. ஒரு சொட்டைப் பஞ்சில் தொட்டுப் பல்லின்மேல் மட்டும் வைக்க வேண்டும். நல்லெண்ணெயோ தேங்காயெண்ணெயோ கலந்துகொண்டால் நல்லது. ஈறில் வழிந்தால் பொத்துப்போகும். குழந்தைகள் எடுத்து விழுங்கினால் ஈரலையே கெடுக்கும். விடுமுறையில் வீட்டுக்குப் போகும்போது புட்டியை அலமாரியின் மேல் தட்டில் வையுங்கள். பூண்டை நசுக்கி ஈறில் கட்டி வைப்பவர்களுக்கும் இதையே சொல்வேன். பூண்டும் சுடும், காலையில் பார்த்தால் வலித்த பல்லோடு வெந்த ஈறும் சேர்ந்திருக்கும். எருக்கம்பாலைச் சொத்தையில் விடுகிற வழக்கம் எங்கள் பக்கத்துச் சிற்றூர்களில் உண்டு. அதைத் தொடவே தொடாதீர்கள். கையில் ஒட்டிய பால் கண்ணில் பட்டுவிட்டால் பல்வலி மறந்தே போகும்!

உப்புத் தண்ணீர்க் கதை வேறு. வெதுவெதுப்பான நீர் ஒரு தம்ளர், அரைக் கரண்டி உப்பு. இதைவிட எளியது கிடையாது, இதனால் கெட்டவனும் கிடையாது. நம் வயதுக்காரர்க்கு இது மிகவும் வேண்டியது. ஞானப்பல் முளைப்பது பதினேழுக்கும் இருபத்தைந்துக்கும் இடையில். அஃதாவது நாம் விடுதிச் சாப்பாடு சாப்பிடும் ஆண்டுகளில். பாதி முளைத்த பல்லின்மேல் ஈறு குல்லாய்போலக் கவிந்து, அதன் அடியில் சப்பாத்தித் துணுக்கு சிக்கிக்கொண்டு புண்ணாகும்போது, உப்புநீர் அந்த இடத்தைக் கழுவி ஆற்றும். ஆனால் அதே துன்பம் மூன்று மாதத்துக்கு ஒருமுறை வந்துகொண்டிருந்தால், உப்பு தீர்ந்துகொண்டே போகுமேயன்றிப் பல் நேராகாது.

இனி, கட்சிக்காரர்கள் தவறாமல் எடுக்கும் பிரம்மாஸ்திரத்துக்கு வருவோம். ஆலும் வேலும் பல்லுக்குறுதி! முதலில், இதில் வரும் வேல் எது? வேம்பு என்று சங்க அறையில் அன்று மூன்று பேர் சொன்னார்கள். அன்று, அது வேலமரம், கருவேல். இந்த ஊரில் பபூல் என்றும் கீகர் என்றும் சொல்கிறார்கள். நம் பழமொழியின் மரம் வடக்கேயும் அதே பணியைச் செய்துவருவது எனக்கு மகிழ்ச்சியாகவே இருந்தது. பபூல் என்ற பெயரில் பற்பசைகூட இருக்கிறது. தெருவோரங்களில் தாதுன் என்று கட்டுக் கட்டாக விற்பது பெரும்பாலும் வேப்பங்குச்சி. ஜும்மா மசூதிப் பக்கம் விற்கும் மிஸ்வாக் நம் உகாமரத்தின் இனம். இவ்வளவையும் ஒரு நண்பரிடம் விளக்கிச் சொன்னேன். அவர் மறுநாள் விடியற்காலையில், நம் பல்கலைக்கழகத்தை ஒட்டிய ரிட்ஜ் காட்டுக்குப் போய் ஒரு குச்சியை ஒடித்துக்கொண்டு வந்தார். ரிட்ஜில் மண்டிக் கிடப்பது விலாயதி கீகர். அமெரிக்கக் கண்டத்திலிருந்து வந்தேறிய அந்த மரத்தை நம் இராமநாதபுரத்துக்காரர்கள் சீமைக்கருவேலம் என்று அறிவார்கள், அறிந்து வைதும் வருகிறார்கள். முள் தைத்த கையோடு அவர் என்னிடம் வந்து நின்ற காட்சியை நினைத்தால் இப்போதும் சிரிப்பு வருகிறது.

குச்சி கெட்டதன்று. நன்றாக மென்று நாராக்கித் தேய்த்தால் பல்லில் படியும் பசையை எடுக்கும். வேம்பிலும் மிஸ்வாக்கிலும் கிருமியை ஒடுக்கும் பொருள்கள் உள்ளன. மிஸ்வாக்கு வழக்கமுள்ள நாடுகளில் அதைப் பயன்படுத்தலாம் என்று உலகச் சுகாதார நிறுவனமே 1986-இல் சொல்லியிருக்கிறது. ஆனால் குச்சி முன்பற்களுக்கு நண்பன்; கடைவாய்ப்பல்லின் உட்பக்கத்துக்கு அது எட்டுவதில்லை. எனக்குச் சொத்தை விழுந்ததோ அங்கேதான். சொத்தையைத் தடுக்கும் புளூரைடும் குச்சியில் இல்லை. முரட்டுத்தனமாகத் தேய்த்தால் ஈறு கீழிறங்கிவிடும். உமிக்கரிக்கும் செங்கற்பொடிக்கும் இது இன்னும் பொருந்தும்; அவை பல்லை வெளுக்கச் செய்வது உண்மை, பல்லையே தேய்த்துத்தான் வெளுக்கச் செய்கின்றன என்பதும் உண்மை.

முன்னோர் எல்லாரும் முத்துப்போன்ற பல்லோடு வாழ்ந்தார்கள் என்று அன்று ஒருவர் மேசையைத் தட்டினார். எனக்கு எங்கள் வீட்டு வெற்றிலை உரல் நினைவுக்கு வந்தது. உங்கள் வீடுகளிலும் இருந்திருக்கும். உள்ளங்கை அளவில் ஓர் உரல், அதற்கு விரல் நீளத்தில் ஓர் உலக்கை. வெற்றிலை பாக்கை மெல்லப் பல் இல்லாதவர்க்காக இடித்துக் கொடுப்பதற்கென்றே வார்த்த கருவி அது! ஆலும் வேலும் அத்தனை உறுதி தந்திருந்தால், அந்த உரலுக்கு வீடு தோறும் என்ன வேலை? எங்கள் ஆச்சி ஆயுள் முழுதும் குச்சியும் பொடியுமாகத் தேய்த்தவள். ஐம்பது வயதில் அவளுக்கு மேல்வரிசையில் இரண்டே பற்கள். இதை நான் குறையாகச் சொல்லவில்லை. அவள் சிறுமியாக இருந்தபோது திருநெல்வேலிச் சீமையின் ஒரு சிற்றூரில் பல் மருத்துவர் என்ற சொல்லையே யாரும் கேட்டிருக்க மாட்டார்கள். சென்னை அரசுப் பல் மருத்துவக் கல்லூரி, மருத்துவக் கல்லூரியின் ஒரு பிரிவாகத் தொடங்கியதே 1953-இல். இந்தியாவின் முதல் பல் மருத்துவக் கல்லூரியை டாக்டர் ரஃபியுதீன் அகமது கல்கத்தாவில் நிறுவியது 1920-இல். (அதற்குப் பணம் திரட்ட அவர் ஒரு சோடாக் கடை நடத்தினாராம். பல்லைக் கெடுக்கும் இனிப்பு நீரில் வந்த காசு பல்லைக் காக்கப் போனது, என்ன பொருத்தம் பாருங்கள்!) மருத்துவர் இல்லாத உலகில் கிராம்பும் கடுக்காயும் அக்கரகாரமுமே துணை. இரவைக் கழிக்க அவை உதவின. பல்லைக் காக்க வேறு வழியில்லாததால் பல் போயிற்று. அந்த நிலையைப் பொற்காலம் என்று நாம் கொண்டாடுவது, ஆச்சி பட்ட வலியை நாம் மறந்ததால்தான்.

அந்தக் காலத்தில் ஊருக்கு ஊர் வரும் பல்பூச்சி எடுப்பவர்களையும் ஆச்சி சொல்லக் கேட்டிருக்கிறேன். கண்டங்கத்திரி விதையைத் தணலில் இட்டு, புகையை வாயில் பிடிக்கச் செய்து, பிறகு தண்ணீரில் மிதக்கும் வெள்ளை வெள்ளையான நெளிசல்களைக் காட்டி, "இதோ உன் பல்லைத் தின்ற புழு" என்பார்களாம். அது சூட்டில் வெடித்த விதையின் உள்முளை. பல்லில் புழு என்பதே இல்லை. 1728-இல் பிரெஞ்சு மருத்துவர் பியேர் பொஷார் தம் பல் மருத்துவ நூலில் இந்த நம்பிக்கையை ஏற்க மறுத்துவிட்டார். கைப்பேசியில் ஏழு நாளில் சொத்தையை மூடுகிறவர்களைக் கண்டால் எனக்கு அந்தப் பூச்சிக்காரர் நினைவுதான் வருகிறது. பூச்சு கரையத் தொடங்கி வெள்ளைத் தழும்பாக இருக்கும்போது புளூரைடு அதைத் திரும்ப இறுகச் செய்யலாம். குழி விழுந்த பிறகு கொய்யா இலையாலும் ஆகாது, கற்ப மூலிகையாலும் ஆகாது.

கொய்யா இலைக்கு வேறு பெருமை உண்டு. ஈறு வீங்கிக் கசிந்தால் அதன் கஷாயமும், கடுக்காய்ப் பொடியும், மாசிக்காயும் தம் துவர்ப்பினால் ஈறைச் சுருக்கி ஆறுதல் தரும். திரிபலா நீரால் கொப்பளிப்பது பற்பசைப் படிவைக் குறைப்பதாகச் சில சிறு ஆய்வுகளும் சொல்கின்றன. ஆனால் பல்லின் வேரோரத்தில் கல்லாய் இறுகிய காரையை எந்தக் கஷாயமும் கரைப்பதில்லை. கருவி கொண்டுதான் எடுக்க வேண்டும். எடுத்தால் பல் ஆடும் என்று பயப்படுகிறவர்களே, ஆடிக்கொண்டிருந்த பல்லைக் காரை இதுவரை பிடித்து வைத்திருந்தது, அவ்வளவுதான். ஈறு நோய்க்கு வலியும் கிடையாது. என் பல்லாவது சில நாள் கத்திவிட்டுச் செத்தது. ஈறு அதுகூடச் செய்வதில்லை.

புகையிலையைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லாமல் விட எனக்கு மனமில்லை. அதுவும் செடிதான், அதையும் பல்வலி மருந்தென்றுதான் வாயில் அடக்குகிறார்கள். என் அறைத்தோழனின் ஊரில் 'குல்' என்னும் புகையிலைப் பொடியைப் பல்லில் தேய்ப்பதுண்டு. முதல் நாள் வலிக்காகத் தேய்க்கிறார்கள். பிறகு தேய்க்காவிட்டால் பொழுது விடிவதில்லை. பற்பொடியிலும் பற்பசையிலும் புகையிலை சேர்க்கக் கூடாது என்று 1992-இல் அரசு தடை செய்தது. ஆனால் பொட்டலம் கடைவாசலில் இன்றும் தொங்குகிறது. இந்திய ஆண்களைப் பிடிக்கும் புற்றுநோய்களில் வாய்ப்புற்று முன்வரிசையில் நிற்கிறது. இயற்கைச் செடியில் தீங்கில்லை என்று வாதிடும் நண்பர்கள் இந்தச் செடிக்கு என்ன பதில் வைத்திருக்கிறார்கள்?

ஆஸ்பத்திரியிலிருந்து வந்ததும் ஆச்சியோடு தொலைபேசியில் பேசினேன். கோபமாகவே பேசினேன் என்பதை ஒப்புக்கொள்கிறேன். "நீங்க சொன்ன கிராம்பை நம்பித்தான் ஆச்சி பல் போச்சு" என்றேன். மறுமுனையில் சற்று நேரம் பேச்சில்லை. பிறகு, "எய்யா, கிராம்பு வச்சா ராத்திரிக்கு ஒறக்கம் வரும்னுதானல சொன்னேன். பல்லு சொகமாயிரும்னு நான் எப்பம் சொன்னேன்? விடிஞ்சதும் போயிக் காமிச்சிருக்கணும்லா? எனக்குத்தான் காமிக்க ஆளில்ல. ஒனக்குமா இல்ல?" என்றாள்.

நண்பர்களே, எனக்கும் இருந்தார். ஒரு பேருந்துத் தொலைவில் அரசுப் பல் மருத்துவமனை இருந்தது; அங்கே சீட்டுக்குச் செலவு நம் ஒரு மாலைத் தேநீருக்கு மேல் ஆகாது. வரிசையில் நிற்க ஒரு காலைப்பொழுது வேண்டும், அவ்வளவே. பிறகு ஏன் போகவில்லை? அச்சம் ஒன்று. ஊசி, துரப்பணத்தின் இரைச்சல், இவை எல்லாருக்கும் உள்ளவை. இன்னொரு காரணத்தை வெளியில் சொல்ல நாணமாக இருந்தது. எனக்கு வலியை இந்தியில் சொல்லத் தெரியவில்லை. வகுப்பில் ஆங்கிலத்தில் கட்டுரை எழுதுகிறேன். காய்கறிக்காரனிடம் இந்தியில் பேரம் பேசுகிறேன். ஆனால் பல்லைப் பற்றிக் கேட்டால் 'தர்த்' என்ற ஒரே சொல்லோடு நின்றுவிடுகிறேன். தமிழில் நமக்கு எத்தனை சொற்கள்! கூசுகிறது, குத்துகிறது, கடுக்கிறது, தெறிக்கிறது, விண்விண்ணென்கிறது, கடித்தால் மட்டும் நோகிறது. இவை வெறும் அலங்காரமல்ல. குளிர்ச்சி பட்டுக் கூசி உடனே நின்றால் நோய் மேலாக இருக்கிறது; எதுவும் படாமலே இரவில் தெறித்தால் கூழைத் தொட்டுவிட்டது; கடித்தால் நோவு என்றால் வேரின் நுனிக்குப் போய்விட்டது. மருத்துவர் பாதி நோயை இந்த வேற்றுமைகளைக் கேட்டே அறிகிறார். சொல்லத் தெரியாதவன் அறையிலேயே கிடந்து, கேள்வி கேட்காத கிராம்பை நாடுகிறான். வீட்டை விட்டு வந்தவன் வீட்டு மருந்தை நாடுவது அதன் குணத்துக்காக மட்டுமா? அதனோடு தமிழில் பேசலாம் என்பதற்காகவும்தான்.

ஆகவே சங்கத்துக்கு என் வேண்டுகோள் ஒன்று. பொங்கல் விழாவுக்கும் பட்டிமன்றத்துக்கும் நாம் பணமும் பொழுதும் செலவிடுகிறோம், மகிழ்ச்சி. அதோடு, வலியைச் சொல்லும் தமிழ்ச் சொற்களுக்கு நேரே இந்திச் சொற்களை எழுதி ஒரு தாளாக அச்சிட்டு, முதலாண்டு மாணவர்க்கு வரவேற்பு நாளன்றே கொடுத்தால் என்ன? பல்லுக்கு மட்டுமல்ல, வயிற்றுக்கும் தலைக்கும் காய்ச்சலுக்கும். இந்தி நன்கறிந்த மூத்த மாணவர் நான்கு பேர், முறை வைத்து மருத்துவமனைக்குத் துணை போகலாம். அதே தாளின் அடியில் கொட்டை எழுத்தில் இதையும் போடலாம்: முகமோ கழுத்தோ வீங்கினால், காய்ச்சல் கண்டால், வாய் திறக்கவோ விழுங்கவோ முடியாமற்போனால், விடியட்டும் என்று காத்திருக்க வேண்டாம், அன்றிரவே அவசரப் பிரிவுக்குப் போகவும். மருந்துக்கடையில் தானே கேட்டு வாங்கும் இரண்டு மாத்திரை இதற்குப் போதாது.

செயற்குழு இதை எடுத்துக்கொள்ளும் வரையில் நானே தொடங்கிவிட்டேன். அன்று மூலையில் உட்கார்ந்திருந்த முதலாண்டு மாணவரை வாதம் முடியுமுன் வெளியே அழைத்துச் சென்றேன். இரவுக்கு என் புட்டியிலிருந்து ஒரு சொட்டுக் கொடுத்தேன். காலை ஏழு மணிக்கு அவர் அறைக் கதவைத் தட்டினேன். வர மாட்டேன் என்றார், வலி குறைந்துவிட்டது என்றார். குறைந்ததால்தான் வந்தேன் என்றேன். வரிசையில் மூன்று மணி நேரம் நின்றோம். அவருக்குப் பல் பிழைத்துக்கொண்டது. வேர்ச்சிகிச்சைக்கு இன்னும் இரண்டு தடவை போக வேண்டும். வேறு யாருக்கேனும் வலி இருந்தால் விடுதியின் இரண்டாம் மாடி, படிக்கட்டுக்கு எதிர் அறை. கிராம்புத் தைலம் இருக்கிறது. ஆனால் அது வேண்டுமென்பவர் மறுநாள் காலையில் என்னோடு வர ஒப்புக்கொள்ள வேண்டும்.